ஒரு சாண் அகலம்

ஏனுங்க, காலைக் கொஞ்சம் அகட்டி வெச்சு நில்லுங்க. இந்த டிரைவரு பிரேக்கை மிதிச்சாருன்னா நீங்க நேரா முன்னால இருக்கற அம்மா மடியிலதான் போய் விழுவீங்க. அப்படித்தான். இன்னும் சித்த. இப்போ பாருங்க, பஸ்ஸு ஆடும், நீங்க ஆடமாட்டீங்க.

சிரிக்காதீங்க. ஆளைப் பார்த்தா எல்லாரும் மூஞ்சியப் பார்ப்பாங்க, நான் பாதத்தைப் பார்ப்பேனுங்க. பழக்கமாப் போச்சு. மீசை அரும்பறப்ப ஆரம்பிச்ச குத்துச்சண்டை. பேரு சென்னியப்பன். சென்னின்னு சொன்னா ஈரோட்டுல அந்தக் காலத்து பாக்ஸருங்களுக்குத் தெரியும். வேலை மஞ்ச மண்டியில, எடை போடற இடத்துல மேஸ்திரி. பாக்ஸிங்குல பெருசா ஜெயிச்சேன்னு சொல்லமாட்டேன், பொய் எதுக்கு. முக்காவாசி பாயிண்டுல போச்சு. பாயிண்டுல யாரு வேணா தோக்கலாமுங்க. ஆனா ஒருத்தன் என்னைக் கீழ தள்ளினதில்லை. ஏன்? நிக்கற விதம். ரெண்டு காலுக்கு நடுவுல தோள் அகலம், அதுக்கு மேல ஒரு சாண். அப்படி ஊனி நின்னா உங்களை யானை வந்து இடிச்சாலும் நகத்த முடியாது.

அந்த ஆளு எறங்கறாரு பாருங்க, வாங்க, உக்காருங்க. மேட்டூரு வரைக்குமா? நானும் அங்கதான். தங்கச்சி ஊட்டுக்கு. கொஞ்ச நாளா அங்கதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

அப்போ ஒண்ணு கேக்கறேன், நீங்களே நாயஞ் சொல்லுங்க. கட்டுன பொண்டாட்டி. வித்தை சொல்லிக் குடுத்தவன் நானு. நான் சொன்னபடி நிக்கமாட்டேன்னு அவ சொன்னா அது நாயமுங்களா?

பிருந்தான்னு பேரு. காங்கேயம் பக்கம். காலேஜுல கபடி ஆடுன புள்ள. பொண்ணு பாக்கப் போனப்பவே நான் பாதத்தைத்தான் பார்த்தேன். காப்பித் தட்டோட வந்து நிக்கறா, குதிகால் தரையில படல. எந்நேரமும் ஓடறதுக்குத் தயாரா இருக்கற மாதிரி. எங்கம்மா கூட கேட்டுச்சு, ஏண்டா தலையக் குனிஞ்சே உக்காந்திருக்கற, பொண்ணைப் பாருன்னு. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.

கல்யாணமாயி ஒரு வருசம் போல ஊட்டுல இருந்தா. அப்புறம் ஒரு நா அவளாத்தான் கேட்டா. "மாமா, நானும் ஹாலுக்கு வரட்டுங்களா"ன்னு. எந்தப் புருசன் சரிம்பான், சொல்லுங்க? நான் சரின்னேன். எனக்கு அந்தக் குறுகுன புத்தியெல்லாம் கிடையாது.

ஹாலுன்னா நாங்க குத்துச்சண்டை பழகற இடம், இத்ரீஸ் பாயோடது. ஆத்தோரமா ஒரு பழைய சாயப்பட்டறை ஷெட்டு. அவரும் நானும் ஒண்ணாப் பழகுனவங்க. பாக்ஸிங்குக்கு யாரும் வர்றதில்லைன்னு அவரு கிக் பாக்ஸிங்னு போர்டை மாத்திட்டாரு. எனக்குப் புடிக்கல. உதைக்கறது கழுதை செய்யற வேலைங்க. மனுசனுக்குக் கை இருக்குது. ஆனா பொண்ணுங்களுக்குப் போட்டி வெக்கறது அதுலதான் நிறைய. சரி, குத்து நான் சொல்லித் தர்றேன், உதையப் பாய் சொல்லித் தரட்டும், நிக்கறது மட்டும் என்ற பாடம்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல் நாளே சாக்பீஸ்ல ரெண்டு கோடு போட்டேன். முன்னங்கால் இந்தக் கோட்டுக்கு வெளிய, பின்னங்கால் அந்தக் கோட்டுக்கு வெளிய. எடையெல்லாம் ரெண்டு காலுலயும் சமமா. குதி தரையில. அப்படியே நின்னு குத்தோணும். அவ குத்து நல்லாத்தான் வந்துச்சு. ஆனா நாலு குத்துக்கு ஒரு தடவை அந்த முன்னங்கால் தானா உள்ள வந்துரும். சொல்லிப் பார்த்தேன். "அகட்டு, அகட்டு"ன்னு தொண்டை வத்தக் கத்திப் பார்த்தேன். வாயில சொன்னா காலுக்குக் கேக்காதுங்க. அதனால ஒரு பிரம்பு. கால் உள்ள வந்தா கெண்டைக்கால்ல ஒண்ணு. அடின்னு நினைச்சுக்காதீங்க. ஞாபகப்படுத்தறது. அப்புறம் "அகட்டு"ன்னு நான் வாயத் தொறந்தாலே போதும், கால் ரெண்டும் சடக்குனு வெளிய போயிரும். பிரம்பே வேண்டியதில்லை. அவ்வளவு நல்லாப் புடிச்சுக்கிட்டா.

அவங்க அக்கா மக சடங்குக்குப் போயிருந்தப்ப சேலை கொஞ்சம் தூக்கிக்க, இவ கெண்டைக்கால்ல வரி வரியா இருந்த தழும்பை அவங்கம்மா பார்த்துட்டாங்க. என்னங்க மாப்பிள்ளை இதுன்னு என்னையக் கேட்டாங்க. டிரெயினிங்குன்னேன். அவளாவது, ஆமாம்மா டிரெயினிங்குதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அந்த அழுத்தம் அவளுக்கு அப்பவே உண்டுங்க.

முதல் போட்டி திருச்சியில, ஒரு கல்யாண மண்டபத்துல ரிங்கு போட்டிருந்தாங்க. எதிர்ல மார்த்தாண்டத்துப் பொண்ணு, அஜிதா மேரி. நல்ல உசரம். அவ நின்ன நிலையப் பார்த்து எனக்குச் சிரிப்பு. ரெண்டு காலும் கிட்டக்கிட்ட, முன்னங்கால் சும்மா தரையத் தொட்டுட்டு, தாளம் போட்டுட்டு நிக்கறா. ஒரு குத்து வாங்குனா மல்லாக்க விழுவான்னு பாய்கிட்ட சொன்னேன். பாய் தலையாட்டல. "சென்னி, இதுல காலை உதைப்பாங்கப்பா"ன்னாரு. உதைக்கட்டும், அசையமாட்டான்னேன்.

முதல் ரவுண்டுல பிருந்தாதான். ஒரு வலது கை குடுத்தா பாருங்க, அந்தப் பொண்ணு மூக்குல இருந்து ரத்தம் புளிச்சுனு ரிங்கு கயித்துல தெறிச்சுது. எனக்குப் பெருமை தாங்கல. அதுக்கப்புறம் அஜிதா மேரி கிட்டயே வரல. எட்ட நின்னு, பிருந்தாவோட இடது தொடையில ஒரு உதை விட்டா. முழங்காலுக்கு மேல, வெளிப்பக்கம். மூங்கில் கழியால ஈரச் சாக்கை அடிச்சா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். அதே இடத்துல இன்னொண்ணு. அதே இடத்துல இன்னொண்ணு. உதைக்கறவ கால் எலும்பு, வாங்கறவ தொடைச் சதை. கால் அகலமா ஊனியிருக்கறதனால சட்டுனு தூக்க முடியாது, தூக்கித் தடுக்க முடியாது, அதனால எல்லா உதையும் முழுசா எறங்குச்சு. இதெல்லாம் அப்புறம் பாய் சொன்ன வியாக்கியானம். எனக்கு அப்போ தெரிஞ்சது ஒண்ணுதான், பிருந்தா காலை உள்ள இழுக்கப் பார்க்கறா. "அகட்டு"ன்னு கத்துனேன். அகட்டுனா. உதை விழுந்துச்சு. மறுபடியும் உள்ள இழுத்தா. "அகட்டு." அகட்டுனா. விழுந்துச்சு.

ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு நாங்க நின்ன கார்னருக்கு வர்றப்ப அந்தக் காலை இழுத்துட்டு வந்தா. தொடை நாவப்பழம் கணக்கா கறுத்துப் போயி, தோல் பளபளன்னு விண்ணுனு இருக்குது. ரிங்குக்குள்ள வீசுனா போட்டி நின்னுரும்னு பாய் துண்டைக் கையில எடுத்தாரு. "நிறுத்திக்கலாம் சென்னி, இந்தப் புள்ள கால் போயிரும்"னாரு. நான் அவரு கையப் புடிச்சுக்கிட்டேன். ஊனி நிக்கறவள எதுக்கு நிறுத்தோணும்? பிருந்தா என்னைப் பார்த்தா. பல்லுல மாட்டியிருந்த மவுத் கார்டை எடுத்துட்டு, "மாமா, கொஞ்சம் குறுக்கி நின்னுக்கட்டுமா"ன்னா. நான் கார்டை வாயில வெச்சு அனுப்புனேன்.

மூணாவது ரவுண்டுல அந்தக் கால் அவ பேச்சைக் கேக்கல. ஒரு உதைக்கு அப்படியே மடங்குச்சு. மடங்கி விழறப்ப அஜிதா மேரி விட்ட இடது கை பட்டுப் புருவம் பொளந்துருச்சு. ஒரு பக்கம் முகம் முழுக்க ரத்தம், கண்ணத் தொறக்க முடியல. அப்பவும் எந்திரிச்சா. ரெஃப்ரி எண்ணறதுக்குள்ள எந்திரிச்சு, தானாவே காலை அகட்டி நின்னா. அடுத்த உதையில முடிஞ்சு போச்சு. அவளை நான்தான் முதுகுல சுமந்து மாடிப்படி எறக்குனேன். வேற யாரு சுமந்தது? அதையெல்லாம் இப்போ யாரும் பேசறதில்லைங்க.

புருவத்துல தையல் போட்டு, வேனுல படுக்க வெச்சுக் கூட்டிட்டு வர்றோம். கரூர் தாண்டினதும் பேசறா. கண்ண மூடிக்கிட்டே பேசறா. "ஒரு சாண் குறைச்சு நின்னிருந்தா காலைத் தூக்கித் தடுத்திருப்பேன் மாமா. அவ அப்படித்தான் நிக்கறா. எனக்குத் தெரியுது." பாருங்க, தோத்துட்டு வர்றவ பேச்சா இது? அவளுக்குச் சொல்லிக் குடுக்க நான் எத்தனை பாடு பட்டிருப்பேன். ஒண்ணே ஒண்ணு வெச்சேன், கன்னத்துல. லேசாத்தான். தையல் விட்டுப் போச்சுன்னா அது போட்டியில பட்ட காயம், நான் பண்ணதில்லைங்க. பாய் வேனை நிறுத்தச் சொல்லிட்டு, எறங்கி, அந்தப் பக்கமாப் போய் ரோட்டைப் பார்த்து நின்னாரு. அவருக்கு வயித்துக் கோளாறு உண்டு.

கால் சரியாக நெம்ப நாளாச்சு. அது வரைக்கும் நான்தான் ஒத்தடம் குடுத்தேன், எண்ணெய் போட்டேன். மறுபடியும் ஹாலுக்கு வந்தா, கோட்டுல நின்னா, அகட்டுன்னா அகட்டுனா. எல்லாம் ஒழுங்காத்தான் போயிட்டு இருந்துச்சு. மண்டியில சீசன் வேற. மஞ்ச வரத்து அதிகம். நான் காலையில போனா பொழுது சாயறப்பத்தான் வருவேன்.

ஒரு நா மண்டியில கரண்ட் இல்லைன்னு சீக்கிரம் வந்துட்டேன். அவ அடுப்புகிட்ட நிக்கறா. ரசம் கொதிக்குது. என்னையப் பார்க்கல. நான் வழக்கம் போல பாதத்தைப் பார்த்தேன். ரெண்டு காலும் கிட்டக்கிட்ட. இடது குதி தரையில படல. சும்மா விரல் நுனியத் தொட்டுட்டு, அஜிதா மேரி நின்னாளே, அச்சு அசல் அந்த நிலை. அப்புறம் கரண்டிய எடுக்கத் திரும்பறா, அந்த இடது முழங்கால் சட்டுனு மேல வந்து எறங்குது. உதையத் தடுக்கற மாதிரி. சோறாக்கற இடத்துல யாருங்க உதைக்கறா அவள?

புரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியாம பழகறா. பாய்தான் சொல்லிக் குடுக்கறாரு. என்ற முதுகுக்குப் பின்னால.

கோவம் வரலைங்க. நிசமா. நிதானமா உக்காந்து கேட்டேன். ஆமாம்னா. மறைக்கல. "எனக்கு அப்படி நின்னாத்தான் வருதுங்க மாமா. உங்களுக்கு உங்க நிலை. எனக்கு என்ற உயரத்துக்கு, என்ற காலுக்கு ஒரு நிலை இருக்குது." அப்படீன்னு ஏதோ பெரிய கோச்சு மாதிரி பேசறா. நான் சொன்னேன், சரி அம்மிணி, ஞாயித்துக்கிழமை ரிங்குக்கு வா. எங்கூட நில்லு. நீ நின்னுட்டா நீ சொல்றது சரி. அவ அடுப்பை அணைச்சுட்டு, "உதைக்கலாமுங்களா?"ன்னு கேட்டா. நான் சிரிச்சுட்டேன். உனக்கு எது வருதோ செய்யுன்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஷெட்டுல ஒரு பத்துப் பேரு இருப்பாங்க. எல்லாம் பழகறவங்க. பாய் வேண்டாம்னாரு. உன்ற எடை என்ன, அவ எடை என்ன, வேண்டாம் சென்னின்னாரு. பிருந்தாதான், "இருக்கட்டும் பாய்"னு கிளவுஸை மாட்டுனா.

மணி அடிச்சதும் நான் நேராப் போயி தோளால ஒரு இடி இடிச்சேன். எதிர்பார்த்தது மாதிரியே மல்லாக்க விழுந்தா. பார்த்தியான்னேன். எந்திரிச்சா. மறுபடியும் இடிச்சேன், மறுபடியும் விழுந்தா. குறுக்கி நின்னா இதுதான். இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போ தெரியும். மூணாவது தடவை எந்திரிக்கறப்ப கை கொஞ்சம் எறங்கியிருந்துச்சு, இடது கையில ஒண்ணு குடுத்தேன். மூக்குல இருந்து ரத்தம் வந்துருச்சு. உதடும் கிழிஞ்சுது. பனியன் முன்னால எல்லாம் சிவப்பு. நான் விளையாட்டுக்கு அடிக்கமாட்டேனுங்க, எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. அடிச்சா பாடம் ஏறோணும். வயித்துல ஒண்ணு. அவ மூச்சு நின்னு போயி, கயித்தப் புடிச்சுட்டு வாந்தி எடுக்கற மாதிரி குனிஞ்சா. பாய் உள்ள ஏறப் பார்த்தாரு. அவ கையக் காட்டி, "விடுங்க பாய்"னா. ரத்தத்தைத் துப்பிட்டுச் சொல்றா, "இன்னும் ஆரம்பிக்கலைங்க."

அப்புறம் அவ எனக்கு நேரா நிக்கவே இல்ல. நான் இடிக்கப் போனா அவ அங்க இல்ல. பக்கத்துல இருக்கறா. திரும்பறதுக்குள்ள என்ற இடது தொடையில ஒண்ணு விழுந்துச்சு. முதல் உதைக்கு நான் சிரிச்சேன். நெசமாத்தான் சொல்றேன், சிரிச்சேன். ரெண்டாவது அதே இடம். மூணாவது உள்பக்கம், முழங்காலுக்குச் சித்த மேல. நாலாவதுக்கு, எப்படிச் சொல்றது, கொதிக்கற தாரைச் சதைக்குள்ள ஊத்துன மாதிரி இருந்துச்சு. கால் இருக்குது, ஆனா என்றதில்லை. தூக்கலாம்னு பார்த்தா தூக்க வரல. ஊனி நின்ன காலைத் தூக்கறதுக்கு முதல்ல எடையப் பின்னங்காலுக்கு மாத்தோணும், மாத்தறதுக்குள்ள அவ உதைச்சுட்டுப் போயிர்றா. அப்போ நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சதைத்தான் பண்ணேன். இன்னும் அகட்டுனேன். ஆடறப்ப அகட்டறதுதானுங்களே முறை. அகட்ட அகட்ட அவளுக்கு வாட்டமாப் போச்சு. டப்பு. டப்பு. ஷெட்டுல வேற சத்தமே இல்ல.

ஒரு முழங்கால் கீழ போச்சு. அது விழுந்ததுன்னு கணக்கில்லை, கீழ விரிச்சிருந்த ரப்பர் மேட்டுல வேர்வை, வழுக்கிருச்சு. அவ அடிக்கல. நிக்கறா, மூக்குல இருந்து சொட்டுது, காத்திருக்கறா. "எந்திரிங்க"ன்னா. எந்திரிச்சேன். உதைச்சா. மறுபடி முழங்கால். "எந்திரிங்க மாமா." மரியாதையாத்தான் சொல்றா. எந்திரிச்சேன். பாய் வெளிய இருந்து, "போதும் பிருந்தா"ன்னாரு. நான்தான் போதாதுன்னேன். கையக் கீழ எறக்கி அந்தக் காலை மறைச்சேன். அப்போ உதை வரல. வலது கை வந்துச்சு. தாடையில. அது நான் சொல்லிக் குடுத்த குத்து, அதை எங்க கண்டாலும் எனக்குத் தெரியும்.

நான் அந்த ஷெட்டுல எத்தனையோ வருசமாப் பழகறேன். கூரைத் தகரத்துல அவ்வளவு ஓட்டை இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வெளிச்சம் சல்லடை மாதிரி எறங்குது. அதையே பார்த்துட்டுப் படுத்திருந்தேன். அவ பக்கத்துல வந்து உக்காந்தா. கிளவுஸைப் பல்லால கழட்டுனா. ஐஸ் கட்டிய ஒரு துணியில சுத்தி என்ற தொடை மேல வெச்சா. "வலிக்குதுங்களா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். "எனக்கு வலிச்சுதுங்க. ஒரு நா கூட நீங்க கேட்டதில்லை." அவ்வளவுதான் சொன்னா. ஐஸை என்ற கையில குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நான் நடந்து ஊட்டுக்கு வர்றதுக்குள்ள துணிமணியெல்லாம் எடுத்துட்டுக் கிளம்பியிருந்தா. நடந்துன்னு சொல்லிட்டேன், பாய்தான் ஆட்டோவுல கொண்டாந்து விட்டாரு. முழங்கால்ல சவ்வு கிழிஞ்சிருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

மேட்டுல வேர்வை இல்லைன்னா நான் நின்னிருப்பேனுங்க.

இப்போ விவாகரத்து வேணும்ங்கறா. காங்கேயத்துக்குப் போயி, கொஞ்ச நா இருந்துட்டு, மறுபடியும் ஈரோட்டுக்கே வந்து லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி அதே ஹாலுக்குப் போறா. வக்கீலப் பார்க்கப் போனேன். என்னங்க பிரச்சனைன்னு அவரு கேட்டாரு. கால் அகலம்னேன். அவரு எழுதிட்டு இருந்த பேனாவை மூடி வெச்சுட்டு என்னையே பார்த்தாரு. உங்களுக்காவது புரியுதுங்களா? குடிக்கறதில்ல, சீட்டாடறதில்ல, வேற பொம்பளை சகவாசம் இல்ல. ஒரு சாணு. ஒரு சாணுக்காக ஒரு குடும்பம் பிரியுதுன்னா இதை நான் எங்க போய்ச் சொல்றது.

விடலைங்க, நான் விடற ஆள் இல்ல. போன மாசி மாசம் சேலத்துல போட்டி. அதே அஜிதா மேரி கூட. போஸ்டர்ல பார்த்தேன். டிக்கெட் வாங்கிட்டுப் போயி ரெண்டாவது வரிசையில உக்காந்துட்டேன். அவ வந்தா. புருவத்துல அந்தத் தழும்பு. நின்ன நிலை, நான் சொல்லோணுமா, குறுக்கித்தான். இந்தத் தடவை உதை விழ விழ முழங்காலைத் தூக்கித் தடுக்கறா. எலும்பும் எலும்பும் மோதற சத்தம் எங்க வரிசை வரைக்கும் கேக்குது. அஜிதா மேரி கால் முன்னெலும்பு வீங்கி முட்டை மாதிரி நிக்குது. பிருந்தா உள்ள புகுந்து விலாவுல குத்தறா, ஒதுங்கறா, தொடையில உதைக்கறா. அந்தப் பொண்ணு வாய்ல இருந்து எச்சியும் ரத்தமுமா வழியுது. சனம் எல்லாம் எந்திரிச்சு நிக்குது.

எனக்கு மனசு கேக்கல. என்ன இருந்தாலும் நான் வளர்த்த கால். ரெண்டாவது ரவுண்டுல எந்திரிச்சு நின்னு, அடிவயித்துல இருந்து, "அகட்டு"ன்னு கத்துனேன்.

நீங்க பார்த்திருக்கோணும். அவ திரும்பல, யாருன்னு பார்க்கல. அந்த ரெண்டு காலும் சடக்குனு வெளிய போச்சு. அத்தனை கூட்டத்துல, அத்தனை சத்தத்துல, என்ற குரலுக்கு அந்தக் கால் கீழ்ப்படிஞ்சுதுங்க. உடம்பே சிலிர்த்துப் போச்சு எனக்கு. அந்த நேரம் பார்த்து அஜிதா மேரி உதை தொடையில எறங்கி, கூடவே ஒரு குத்து காதோரமா விழுந்து, பிருந்தா மேட்டுல குப்புற விழுந்தா. அது வேற விசயம். போட்டின்னா விழறது எந்திரிக்கறது இருக்கும்.

ரெஃப்ரி எண்ண ஆரம்பிச்சாரு. அவ கையை ஊனிட்டுத் தலையத் தூக்கி வரிசை வரிசையாத் தேடுனா. என்னைக் கண்டுபுடிச்சா. பார்த்தா பாருங்க ஒரு பார்வை. பயந்த மாதிரியும் இருந்துச்சு, கொன்னுருவேங்கற மாதிரியும் இருந்துச்சு. எந்திரிச்சுட்டா. நான் மறுபடியும் வாயத் தொறக்கறதுக்குள்ள இத்ரீஸ் பாய் வந்துட்டாரு. கார்னரை வேற ஆளுகிட்ட விட்டுட்டு, அந்த வயசுல வரிசைய எல்லாம் தாண்டிக் குதிச்சு வந்து என்ற வாயப் பொத்துனாரு. கூட ரெண்டு பசங்க. மூணு பேருமா என்னை இழுத்துட்டுப் போயி வெளிய விட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. பாய் கண்ணு சிவந்திருக்குது. "சென்னி, இருபது வருசப் பழக்கம்டா. இன்னொரு தடவை நீ வாயத் தொறந்தா நான் உன்னை அடிச்சுருவேன்"னாரு. கார்னர்ல இருக்கறவங்களுக்கு எப்பவும் படபடப்பு இருக்கும்.

வெளிய நின்னு சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். ஒரு பெரிய கூச்சல், அப்புறம் ஒரு அமைதி, அப்புறம் கூரை பிச்சுக்கற மாதிரி. அஜிதா மேரியத் தூக்கிட்டுத்தான் வந்தாங்க. தாடை ஒரு பக்கமாப் போயிருந்துச்சு. நான் கத்துனதுக்கு அப்புறம்தானுங்க ஜெயிச்சா. யாரு வேணா வரிசைப்படுத்திப் பாருங்க.

அவ வெளிய வந்தப்ப நான் போயி நின்னேன். காது பக்கம் வீங்கி, நொண்டிக்கிட்டு வர்றா. "என்ற குரல் கேட்டுச்சா"ன்னு கேட்டேன். நின்னா. பசங்க என்னைத் தள்ளப் பார்த்தாங்க, அவ வேண்டாம்னா. "கேட்டுச்சு. எனக்கு முன்னால என்ற காலுக்குக் கேட்டுச்சு"ன்னா. "அதுக்கு ஒரு வழி பண்ணோணும்"னு பாய்கிட்டத்தான் சொன்னா, என்கிட்ட இல்ல. வேன்ல ஏறிப் போயிட்டாங்க.

அதை நினைச்சு ரெண்டு வாரம் எனக்குத் தூக்கம் வரலைங்க. என்ன வழின்னு. என்னைய ஹாலுக்குக் கூப்புடுவாங்களோன்னு கூட ஒரு நினைப்பு. கூப்புடல. போன திங்கக்கிழமை காலையில மண்டிக்குப் போறப்ப, சரி, அந்தப் பக்கமாப் போவோம்னு ஆத்தோரமா வந்தேன். ஷெட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறப்பவே கேக்குது. "அகட்டு." என்ற குரல். நான் வாயத் தொறக்கல, நான் ரோட்டுல நிக்கறேன், உள்ள இருந்து நான் கத்தறேன். "அகட்டு. அகட்டு." முடியெல்லாம் எந்திரிச்சு நின்னுருச்சு.

ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். கல்யாண ஊட்டுல வெப்பாங்களே, அந்த மாதிரி பெரிய ஸ்பீக்கர் பெட்டி. சேலத்துல எவனோ செல்லுல வீடியோ எடுத்திருக்கறான், அதுல இருந்து என்ற குரலை மட்டும் வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கறாங்க. பாய் சங்கிலியில தொங்கற மணல் பேக்கை ஒரு கையில புடிச்சுட்டு நிக்கறாரு. பிருந்தா அது முன்னால நிக்கறா, வேர்வை ஒழுகுது. குரல் எப்போ வரும்னு அவளுக்குத் தெரியாது, பாய்தான் இன்னொரு கையில செல்லை அமுக்கறாரு. "அகட்டு"ங்குது. அவ முழங்கால் வெளிய போகப் பார்த்து ஒரு துடி துடிக்குது, பல்லக் கடிச்சு அதை உள்ள இழுத்துட்டு, பேக்குல ஓங்கி ஒரு உதை. சங்கிலி எல்லாம் குலுங்குது. மறுபடியும் என்ற குரல். மறுபடியும் உதை. நான் சொல்லச் சொல்ல அவ உதைக்கறா. தினமும் காலையில இப்படித்தானாம், பக்கத்து டீக்கடைக்காரன் சொன்னான். ஒரு மணி நேரம் ஓடுமாம், காது வலிக்குதுன்னு குறை பட்டுக்கிட்டான்.

கண்ணு கலங்கிருச்சுங்க எனக்கு. ஊடு வேண்டாம்னுட்டுப் போனா, தாலியக் கழட்டிக் குடுத்துட்டா, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிட்டா. ஆனா பாருங்க, என்ற குரல் இல்லாம அவளால பழக முடியல. நான் உள்ள போகல. அந்த ஜன்னலோரமா நின்னு, முடியற வரைக்கும் கேட்டுட்டுத்தான் மண்டிக்குப் போனேன்.